இருளிலும் ஒலிக்க வேண்டிய தொலைபேசி

மூணாறுக்கும் பூப்பாறைக்கும் இடையே, தேயிலைத் தோட்டங்களும் ஆனையிறங்கல் நீர்த்தேக்கமும் சூழ அமைந்த மலையூர் சின்னக்கானல். தோட்டவேலை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இம்மலைப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பருவமழைக் காலத்தில் மரங்கள் கம்பிகளின்மேல் சாய்ந்து மின்சாரம் தடைபடுவது இங்கு இயல்பு. ஆனால் மண்சரிவும் காட்டுயானையும் திடீர் நோயும் மின்சாரம் திரும்பும்வரை காத்திருப்பதில்லை. மின்சாரம் இல்லாத இரவில் உதவி கேட்டு அழைக்க இயலுமா என்பது இம்மக்களின் உயிரைப் பற்றிய வினாவாகும்.

பழைய தொலைபேசி செப்புக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. அக்கம்பி குரலோடு மின்சாரத்தையும் சுமந்து வந்தது. இணைப்பகத்தில் உள்ள பெரிய மின்கலங்கள் ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரத்தை அதன் வழியே அனுப்பின. ஆகவே வீட்டு விளக்கு அணைந்த பின்னும் தொலைபேசி இயங்கியது. இன்று செம்பின் இடத்தில் கண்ணாடி இழை வருகிறது. தலைமுடி போன்ற இவ்விழையில் செய்தி ஒளியாகப் பாய்கிறது. அவ்வொளியைக் குரலாக மாற்ற வீட்டில் மோடம் தேவை. மோடம் இயங்க வீட்டு மின்சாரம் தேவை. மின்சாரம் நின்றால் மோடம் அணையும், தொலைபேசியும் ஊமையாகும்.

இதனால் இழையே தீது என்பது பொருந்தாது. செம்பு ஈரத்தில் கெடும், இரைச்சல் எழுப்பும், திருடரையும் ஈர்க்கும். இழையோ மலைப் பிள்ளைகளுக்குப் பாடத்தையும் நோயாளிக்கு மருத்துவர் அறிவுரையையும் விரைந்து கொண்டுவரும். பழைய கம்பி தந்த மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யாமையே குறை.

கைப்பேசி இருக்கையில் கவலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கைப்பேசிக் கோபுரமும் மின்சாரத்தால் இயங்குவதே. அதன் மின்கலம் சில மணி நேரமே தாங்கும். சாலை அடைபட்டால் டீசலும் வந்து சேராது. 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்சரிவில் புதைந்தன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் முன்னரே அற்றுப்போயிருந்தன. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியில் வேர்கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். அங்கு அன்று பொய்த்தது கைப்பேசித் தொடர்பு, இழையன்று. எனினும் மின்சாரத்தை நம்பிய தொடர்பு மின்சாரத்தோடு சாயும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

யானை பற்றிய எச்சரிக்கையும் இதில் அடங்கும். வால்பாறையில் யானை நடமாட்டம் குறுஞ்செய்தியால் அறிவிக்கப்படுகிறது. கைப்பேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளும் உள்ளன. அரிக்கொம்பன் என்னும் யானை 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்ட சின்னக்கானலுக்கும் இத்தகைய எச்சரிக்கை இன்றியமையாதது. தொடர்பு அறுந்தால் எச்சரிக்கையும் அறும்.

பிற நாடுகள் இதனை எண்ணிப் பார்த்துள்ளன. பிரிட்டனில் நிலைத் தொலைபேசியையே நம்பியிருப்போர், மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரம் அவசர உதவியை அழைக்க வழி செய்து தரப்பட வேண்டும் என ஒழுங்குமுறை அமைப்பு வலியுறுத்துகிறது. அமெரிக்கா 2015-இல் வகுத்த, 2025 வரை நடப்பில் இருந்த விதிப்படி, முதலில் 8 மணி நேரமும் பின்னர் 24 மணி நேரமும் தாங்கும் மின்கல வசதியை நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு வழங்க முன்வர வேண்டியிருந்தது. விலையை வாடிக்கையாளர் ஏற்க வேண்டியிருந்தது. மலையூருக்கு ஒரு மணி நேரம் போதாது. நாட்கூலி பெறும் தொழிலாளி மின்கலத்தையும் தானே வாங்க வேண்டும் என்பதும் முறையன்று.

ஆகவே மலையூர்களில் இழை இணைப்பு தருவோர் ஓர் இரவேனும் தாங்கும் மின்கலத்தையும் உடன் தருதல் வேண்டும். மோடத்துக்குத் தேவையான மின்சாரம் ஒரு சிறு விளக்கின் அளவே; எனவே இது பெருஞ்செலவன்று. லயங்கள்தோறும் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெறும் பொதுத் தொலைபேசி ஒன்றைத் தோட்ட நிருவாகமும் ஊராட்சியும் அமைத்தல் வேண்டும். அது பூட்டிய அலுவலகத்துக்குள் இல்லாமல், நள்ளிரவிலும் எவரும் அணுகக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும்.

மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. அவசர உதவிக்கு 112 என்னும் எண்ணை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. தோட்டத்தின் பெயர், பிரிவு, லய எண், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் தெளிவாகச் சொல்லப் பழகுதல் அதனினும் நன்று. இரு மொழி அறிந்த பிள்ளை பதற்றமான வேளையில் ஒரு குடும்பத்தையே காக்கலாம். அப்பிள்ளையின் குரல் போய்ச் சேருவதற்கான வழியை மழைக்காலத்துக்கு முன்னரே அமைத்துத் தருவது பெரியோர் கடமை.