அநிருத்தரின் 10 வேலி

பொன்னியின் செல்வன் படம் வந்தபிறகு அநிருத்தப் பிரமராயரின் மூளையை மெச்சாத நண்பர்கள் எனக்குக் குறைவு. ஒற்றர் படை, இலங்கை வரை நீளும் கணக்கு, எதற்கும் அலட்டிக்கொள்ளாத முகம். ஜோசொன் அரண்மனைச் சூழ்ச்சிகளைக் கொரியத் தொடர்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு நம்மூரிலேயே ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அது கல்கியின் கற்பனை, ரசிக்கலாம். ஆனால் அநிருத்தர் நிஜமாகவே வாழ்ந்தவர். அவரைப் பற்றி மிஞ்சியிருக்கும் பெரிய சான்று ஒரு நிலப் பத்திரம்.

கொள்ளிடத்தின் வடகரையில், லால்குடி பக்கம் இருக்கிறது அன்பில். 10ஆம் நூற்றாண்டில் சுந்தர சோழன் தன் அமைச்சரான அந்த ஊர்ப் பார்ப்பனருக்கு 10 வேலி நிலம் கொடுத்ததை அன்பில் செப்பேடு சொல்கிறது. இன்றைய கணக்கில் 66 ஏக்கர் சொச்சம். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்தார்கள். மண்மேடு எழுப்பிக் கள்ளி நட்டார்கள். பிறகு பட்டியல் தொடங்குகிறது. மரம், கிணறு, கன்று மேயும் தரிசு, புற்று, வாய்க்கால், மீன் குளம், தேனடை, உடும்பு ஓடும் இடம், ஆமை தவழும் இடம். ஊர் மன்றத்தில் விழும் தண்டப் பணம், வெற்றிலை வரி, தறிப் புடவைகூட அவருக்கே. அரசன் அனுபவிக்கக்கூடிய அத்தனையும்.

ஆமைக்குக் கிடைத்த இடம் அந்தப் பட்டியலில் நாற்று நட்டவளுக்குக் கிடைக்கவில்லை. சோழர் கால நிலக்கொடைகளில் ‘குடிநீக்கி’ என்றொரு சொல் வரும். இருந்த குடிகளை எழுப்பிவிட்டு நிலத்தைக் கொடுப்பது. ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். எழுப்பப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று செம்பில் வெட்ட யாரும் கூலி கொடுக்கவில்லை. குடி என்று பெயர் பெற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், அவர்களுக்கும் கீழே சேற்றில் நின்றவர்கள்? சுந்தர சோழனின் மகன் ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அவர்கள் வருகிறார்கள்: வரி இல்லாத இடங்களைக் கழிக்கும் வரிகளில், குளத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்து, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று.

அந்தக் காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்காதே என்பார்கள். அளந்தது நாமா? வேலிக் கணக்கில், யானையை வைத்து, அவர்களேதான் அளந்தார்கள்.

2019 ஜூனில் கும்பகோணம் பக்கத்துத் திருப்பனந்தாளில் இயக்குநர் பா.இரஞ்சித், ராஜராஜன் காலத்தில் எங்கள் நிலம் பறிக்கப்பட்டது என்று பேசினார். போலீஸ் வழக்குப் போட்டது. முன்ஜாமீனுக்கு அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகவேண்டியிருந்தது, 1000 வருடத்துக்கு முந்தைய நிலக்கணக்கைப் பேசியதற்கு.

அடுத்த முறை யாராவது அநிருத்தர் மீம் அனுப்பினால், அந்த எல்லைப் பட்டியலைத்தான் பதிலுக்கு அனுப்பப்போகிறேன், உடும்பு ஆமை உட்பட.