பல்லு ஒன்று பிசகினால்...



ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் லயத்து வாசலில் ஏதாவது ஒரு காடியின் மூடி திறந்துதான் கிடக்கிறது. பழைய புரோட்டோன் சாகா, பெரோடுவா கஞ்சில் போன்ற வண்டிகள்தாம் நம்மவர் கைக்கு எட்டுகின்றன. எண்ணெய் மாற்றுவதும் பிரேக் கட்டை மாற்றுவதும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய வேலை. இப்போது டைமிங் பெல்ட்டையும் வீட்டிலேயே மாற்றத் துணிந்துவிட்டார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இது பலத்தைக் காட்டும் வேலையல்ல, அளவு பார்த்துச் செய்யும் வேலை என்பதை மட்டும் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தப் பல்லு வைத்த ரப்பர் வார்தான் கீழே உள்ள கிராங்கையும் மேலே உள்ள கேம்மையும் இணைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்தக் கணக்குப்படிதான் வால்வுகள் திறந்து மூடுகின்றன. பெல்ட் அறுந்தாலோ பல்லுத் தாண்டினாலோ, பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். வால்வு வளைந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் பெரும்பகுதி ஒரே நாளில் பட்டறைக்குப் போய்விட்டால் அந்த மாதம் அடுப்பு எப்படி எரியும்? நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு எதில் போவது?

"இன்னும் நல்லாத்தானே ஓடுது, இப்ப எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் இந்தப் பெல்ட் முன்கூட்டிச் சொல்லிவிட்டு அறுவதில்லை. பல வண்டிகளுக்கு 60,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் கைநூலில் இருக்கும். பழைய வண்டி வாங்கியவருக்கு, முன்பு எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது.

வேலையில் இறங்குமுன் எஞ்சின் ஆறட்டும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல்லை அடுக்கியோ வண்டியை நிறுத்தாதீர்கள். அதற்கென்று உள்ள இரும்புத் தாங்கியை வையுங்கள். பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே கிராங்கிலும் கேம்மிலும் உள்ள குறிகளை அதனதன் இடத்துக்கு நேராகக் கொண்டுவந்துவிட வேண்டும். பெல்ட்டை எடுத்த பிறகு இரண்டையும் அசைக்கக் கூடாது.

அடுத்தது இறுக்கம். பால் வெட்டுகிற நமக்கு இது விளங்காத சங்கதியல்ல. கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும்; மேலோடு போனால் பால் வராது. பெல்ட்டும் அப்படித்தான். அதிகமாக இழுத்தால் ஊளையிடும், பேரிங் தேயும். தொய்வாக விட்டால் பல்லுத் தாண்டும். கையால் அமுக்கிப் பார்த்து "போதும்டா" என்று விடாமல், கைநூல் சொன்னபடி டென்ஷனரை வையுங்கள். பெல்ட் புதிது, டென்ஷனர் பழசு என்று மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். எண்ணெய் கசிந்தால் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட பெல்ட் நீடிக்காது.

எல்லாம் முடிந்ததும் உடனே சாவியைத் திருப்பக் கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். குறிகள் மறுபடி நேராக வந்தால் சரி. ஒரு பல்லுப் பிசகியிருந்தாலும் கழற்றி மறுபடி போடுங்கள். நடுவில் எங்காவது முட்டி நின்றால் மல்லுக்கட்டாதீர்கள். அந்தப் பத்து நிமிடப் பொறுமைதான் எஞ்சினைக் காப்பாற்றும்.

கைநூலும் சரியான சாமானும் இல்லாதவர்கள் பட்டறைக்கே போகட்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பானரைத் தொட்ட பிள்ளையை, "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று பெற்றோர் விரட்ட வேண்டாம். மகனோ மகளோ, அருகில் நின்று பார்க்கட்டும், குறியைப் பிடிக்கட்டும். அளவறிந்து வேலை செய்யும் கை, தோட்டத்துக்கு வெளியேயும் பிழைத்துக்கொள்ளும். சிந்திப்போம், தோழர்களே!