நாற்றமடிக்கும் வாயுவே நல்ல வாயு!

ஜவளகிரிப் பக்கம் காற்றே குளிர்ச்சிதான். அருகிலுள்ள தளியை வெள்ளைக்காரர்கள் "சின்ன இங்கிலாந்து" என்றார்கள். ஆனாலும், பறித்த ரோஜாவுக்கு அந்தக் குளிர் போதாது. வாடாமல் வெளிநாடு போய்ச் சேர, 2 முதல் 4 டிகிரி குளிர் வேண்டும். அதற்குக் குளிர் அறை வேண்டும். அதில் எந்த வாயுவைப் போடுவது?

ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவுகிறார்கள். சில்லென்று இருக்கிறது அல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர் அறையின் குழாயிலும் இதுவே நடக்கிறது. உள்ளே திரவம் ஆவியாகி, சூட்டை வாங்குகிறது. வெளியே எந்திரம் அதை அழுத்துகிறது. சூட்டைக் கக்கிவிட்டு, ஆவி மறுபடி திரவமாகிறது.

தண்ணீரும் சூட்டை நிறைய வாங்கும். ஆனால் அது கொதிக்க 100 டிகிரி வேண்டுமே! அமோனியாவோ, பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். பழைய பிரிஜ்களில் இருந்த பிரியான்-12 வாங்கும் சூட்டைப்போல எட்டு மடங்கு வாங்கும். விலையும் மலிவு.

பிரியான் 1930-ல் வந்தது. மணமில்லை, விஷமில்லை, தீப்பிடிக்காது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியது. 1974-ல் விஞ்ஞானிகள் குட்டை உடைத்தார்கள். வானத்தில் நமக்குக் குடையாக இருக்கும் ஓசோனை அது அரித்துவிடும்! 2010-ல் இந்தியா அதைக் கைவிட்டது. அடுத்து வந்த 134-ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்!

அமோனியாவுக்கு இந்த இரண்டு பாவமும் இல்லை. ஆனால் நாற்றம், கண் எரிச்சல், மூச்சுத் திணறல். 2024 ஜூலையில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் பதனிடும் ஆலையில் அது கசிந்து, பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பயம் நியாயமானதே. என்றாலும், கொஞ்சம் கசிந்தாலே மூக்கைத் துளைத்து எச்சரிக்கிறதே, அந்தக் குணம் எந்த நல்ல பிள்ளைக்கு இருந்தது?

ஆகவே பெரிய குளிர்கிடங்குக்கு அமோனியாவே சரி. வீடுகளைவிட்டுத் தள்ளிக் கட்டவேண்டும். அபாய மணியும் முகமூடியும் வேண்டும். தொழில் தெரிந்த ஆள் இரவும் பகலும் இருக்கவேண்டும். இந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது.

வீட்டுக்கு அது ஆகாது; செம்புக் குழாயையும் தின்றுவிடும். இன்றைய வீட்டுப் பிரிஜ்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் இருக்கிறது. பின்பக்கம் "ஆர்-600-ஏ" என்று போட்டிருக்கும். தீப்பிடிக்கும்தான். ஆனால் இருப்பது சில பத்து கிராம். (அடுப்பங்கரை சிலிண்டரிலோ 14.2 கிலோ!) ரிப்பேருக்கு வருகிறவர் வேறு வாயுவை அடைக்க வந்தால், தடுத்துவிட வேண்டும்.