களிம்பு ஏறுமுன்

செம்பும் களிம்பும் போல ஆன்மாவும் ஆணவ மலமும் அநாதியே கூடியிருப்பன என்று சைவ சித்தாந்திகள் உவமை கூறுவர். ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் லட்சக்கணக்கான இல்லங்களின் சுவர்களுக்குள் குடிநீர் கொண்டுசெல்லும் செப்புக் குழாய்களின் இணைப்புகளில், சில வருஷங்களுக்குள் பச்சை பூத்து நிற்கும் களிம்பு அநாதியானதன்று. வேலை முடிந்த கையோடு ஒரு துணியெடுத்துத் துடைக்காமல் போன அசிரத்தையால் பெரும்பாலும் விளைவது.

பிளக்ஸ் என்னும் பசையின்றிக் குழாயைப் பற்றாசு வைத்து இணைக்க இயலாது என்பதில் எனக்கு ஐயமில்லை. சூடேறிய செம்பைக் காற்றிலுள்ள பிராணவாயு கறுக்கச் செய்கிறது. கறுத்த செம்பில் பற்றாசு பற்றாது. பிளக்ஸில் கலந்த துத்தநாகக் குளோரைடும் நவச்சாரமும் அக்கறுப்பைக் கரைத்து விலக்க, உருகிய வெள்ளீயக் கலவையான பற்றாசு குழாய்க்கும் பொருத்துக்கும் இடையேயுள்ள மயிரிழை இடைவெளியில் தானே ஏறி நிரம்புகிறது. நம் ஊர்களில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரப் பொடி தூவியதும் இக்காரணம் பற்றியே.

எனினும், உலோகத்தை அரிக்கும் அக்குணம் சுவாலை அணைந்ததும் சாந்தமடைந்துவிடுவதில்லை. எஞ்சிய பசை காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொண்டு வெளிப்புறத்தில் பச்சையாகத் தெரிகிறது. அதையாவது கண்ணால் காணலாம். உட்புறத்தில் வழிந்தோடிய மெழுகுத்தன்மையுள்ள பசையோ குளிர்ந்த நீரில் கரையாமல் குழாயின் அடியில் படிந்து, தன் கீழுள்ள செம்பைக் குழிகுழியாக அரித்து, முடிவில் ஊசித்துளையாக வெளிப்படுகிறது. நீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துக் கசிவில்லையென்று அன்று அளிக்கப்பட்ட சாட்சியம் அப்போது யாருக்கு உதவும்?

1986ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் குடிநீர்க் குழாய்களின் பற்றாசில் மட்டுமன்றி பிளக்ஸிலும் காரீயம் 0.2 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று விதித்தது. போற்றத்தக்க விதியே; ஆயினும் காரீயம் நீங்கிய பசையும் துடைக்காமல் விட்டால் அரிக்கத்தான் செய்யும்.

செய்யவேண்டியது சொற்பம். பசையை மெல்லிய பூச்சாகத் தூரிகையால் இட்டால் போதும். அள்ளி அப்புவதே பாதிக் கேட்டுக்கு மூலம். இணைப்பு தானாக இறுகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் காணக்கூடும். பின் சூடு முற்றும் ஆறுமுன், பசை இளகியிருக்கும்போதே, ஈரத்துணியால் சுற்றித் துடைத்து, குழாய்க்குள் வெந்நீரை நெடுநேரம் ஓடவிட வேண்டும். இறுகிப்போன பழைய எச்சத்துக்குச் சோப்பு கலந்த வெந்நீரும், அமிலத்தன்மையைத் தணிக்கச் சமையல் சோடாக் கரைசலும், பிறகு நல்ல நீரால் ஓர் அலசலும் போதும்.

நகையைப் பற்றவைக்கும் பத்தர், கண்ணாடிபோல் ஒட்டிக்கிடக்கும் வெண்காரத்தின் எச்சத்தைப் புளிக்கரைசலில் இட்டுப் போக்கிய பின்னரே நகையை உரியவர் கையில் கொடுக்கிறார். அவர் வேலை நாலுபேர் கண்ணில் படுவது. குழாய்வேலையோ சுவருக்குள் மறைந்துவிடுகிறது. ஆதலால் சுவரைப் பலகையிட்டு மூடுமுன் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்கும் உரிமையை வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கலாகாது. துடைப்பதற்கும் அலசுவதற்கும் ஆகும் அந்த அரைமணி நேரத்துக்குரிய கூலியைக் கணக்கில் தனியே எழுதிக் கொடுக்கவும் அவர் தயங்கலாகாது.