வைக்கோலைப் பிடுங்காதீங்க!

பீங்கான் பொம்மையை வைக்கோல் வைத்துத்தான் பொதியணும் என்பது விருத்தாசலத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும். காருக்கு அந்த வைக்கோல், சஸ்பென்ஷன். அதைத்தான் சில வாலிபர்கள் பிடுங்கி எறிகிறார்கள். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிட்டால் கார் தரையோடு தாழ்ந்து, ரேஸ் கார் ஆகிவிடுமாம்!

ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டணுமா? தாராளமாக ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் சீறுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால், 1990-ல் திறந்த அந்த 3.7 கிலோமீட்டர் டிராக்கில் வேகத்தடை கிடையாது. திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற தெருவில்? இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம்ம தெருவில் இருப்பதை அளந்து பாருங்கள், சிரிப்பு வரும். அறுத்த ஸ்பிரிங் அதில் மோதும்போது அழுகை வரும்.

அடுத்தது கேம்பர். சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்தால் டிராக் வளைவில் பிடிப்பு கூடும், வாஸ்தவம். அதே சாய்வோடு தினமும் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு தேயும். வெளியே நின்று பார்த்தால் புது டயர்! டோ அளவும் தப்பினால் இன்னும் சீக்கிரம் வழித்துவிடும்.

முதலில் தேய்ந்த புஷ்களை மாற்றுங்கள். அப்புறம் நல்ல ஷாக் அப்சார்பர், நல்ல டயர். கடைசியில் வீல் அலைன்மென்ட். இதில் பந்தா இல்லை, பிடிப்பு இருக்கிறது.

டிராக்கில் தோற்றால் அரை நொடி போகும். ரோட்டில் தோற்றால்? பதில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. திரும்பிப் பாருங்க.