மாவு ஒன்றுதான்... பெயர்தான் வேறு! குடல் கேட்கும் சின்னச் சின்ன மாற்றங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை கிரைண்டரில் மாவு அரைத்து வைத்துவிட்டால் பாதி வாரம் நிம்மதி. முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, மாவு புளித்ததும் ஊத்தப்பம், மிச்சம் மீதியில் குழிப்பணியாரம். சாப்பிடுகிறவர்களுக்கு இது நான்கு வகை டிபன். குடலுக்கோ நான்கும் ஒன்றுதான். அரிசி, உளுந்து. மீண்டும் அரிசி, உளுந்து.

கோதுமையின் கதையும் இதேதான். சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவை உப்புமா, சேமியா, பிரெட் என்று ஆறு பெயர் சொல்லலாம். பெரும்பாலும் ஆறுக்கும் மூலப்பொருள் ஒரே தானியம்.

இதனால் இட்லி கெட்ட உணவு என்று அர்த்தமில்லை. தானியமும் பருப்பும் சேர்ந்து, புளித்து, ஆவியில் வெந்து வரும் அருமையான உணவு அது. ஆனால் மாவு அரைப்பதோடு வீட்டின் உணவு வகைகள் முடிந்துவிடுவதுதான் சிக்கல்.

குடலுக்குள் ஒரு ஊர்

பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடும் மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்து, உடலில் சேர்ந்துவிடுகின்றன. நார்ச்சத்தைச் செரிக்க நம் உடலில் நொதி கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு.

அவை நார்ச்சத்தை நொதிக்க வைத்து, ப்யூட்ரேட் போன்ற சில கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவரில் உள்ள செல்களுக்கு ப்யூட்ரேட்தான் முக்கிய எரிபொருள். நாம் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு போட்டால், அவை நம் குடல்சுவருக்குச் சாப்பாடு போடுகின்றன.

இங்கேதான் 'வகை' முக்கியமாகிறது. எல்லா பாக்டீரியாவும் எல்லா நாரையும் தின்பதில்லை. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் நார் ஒரு விதம், பயறுகளில் இருப்பது வேறு விதம், கொய்யாவில் இருப்பது இன்னொரு விதம். பல மாதங்களாக ஒரே சாப்பாடு என்றால், அதைத் தின்னும் கூட்டம் மட்டும் பெருகும். மற்றவை மெலிந்துபோகும்.

30 என்று ஒரு கணக்கு

'அமெரிக்கன் கட் ப்ராஜெக்ட்' என்ற ஆய்வின் முடிவுகள் 2018-ல் வெளியாயின. 10,000-க்கும் அதிகமானவர்களின் மல மாதிரிகள் அதில் பரிசோதிக்கப்பட்டன. வாரத்துக்கு 30-க்கும் மேற்பட்ட தாவர உணவு வகைகளைச் சாப்பிடுகிறவர்களின் குடலில், 10 வகையோ அதற்குக் குறைவாகவோ சாப்பிடுகிறவர்களைவிட அதிக வகை நுண்ணுயிரிகள் இருந்தன.

30 என்பது டாக்டர் சீட்டில் எழுதிய டோஸ் அல்ல. பல வகை உணவு சாப்பிடுகிறவர்களுக்கு வேறு நல்ல பழக்கங்களும் இருக்கலாம். அதனால் 28 வகை சாப்பிட்டால் தோல்வி, 31 சாப்பிட்டால் வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுச் சமையல் எவ்வளவு குறுகியிருக்கிறது என்று பார்க்க உதவும் ஓர் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இதே திசையைத்தான் காட்டுகிறது. ஒரு நாளின் மொத்த கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவிகிதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது அது. தட்டில் சாதம் மலைபோலவும் பொரியல் ஊறுகாய் அளவிலும் இருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எண்ணிப் பார்க்கலாமா?

சாதாரணமாக ஒரு வீட்டில் ஒரு வாரத்துக்கு என்னென்ன வருகிறது? அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, கோதுமை, வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், கத்திரிக்காய், தேங்காய், வாழைப்பழம், புளி. மொத்தம் 13. இதோடு நாளுக்கு இரண்டு பொருளைச் சேர்த்தால் எங்கே போகிறது என்று பாருங்கள்.

திங்கள்: இட்லிக்கு வேர்க்கடலை - புதினா சட்னி.

செவ்வாய்: தட்டைப்பயறும் பூசணிக்காயும் போட்ட புளிக்குழம்பு.

புதன்: முருங்கைக்கீரை சேர்த்த கேழ்வரகு அடை.

வியாழன்: மாலையில் பச்சைப்பயறு சுண்டல், ஒரு கொய்யாப்பழம்.

வெள்ளி: பீர்க்கங்காய்க் கூட்டு, மணத்தக்காளிக் கீரை.

சனி: தோசைக்கு எள்ளுப்பொடி, மதியம் கொள்ளு ரசம்.

ஞாயிறு: சாமை சாதம், சேனைக்கிழங்கு வறுவல், பப்பாளி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று. ஆக, 28 வந்துவிட்டது. அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மிளகு, சீரகம், வெந்தயமும், தாளிப்பில் விழும் கறிவேப்பிலையும், பூண்டும் இஞ்சியும் அளவில் குறைவு என்றாலும் கணக்கில் உண்டு. அவற்றையும் சேர்த்தால் 30-ஐத் தாண்டிவிடும். இந்தப் பட்டியலில் அவகாடோவும் இல்லை, ப்ளூபெர்ரியும் இல்லை. எல்லாமே தெருமுனைக் கடையிலும் உழவர் சந்தையிலும் கிடைப்பவைதான்.

இது புதிய ஞானமும் அல்ல. நவராத்திரியில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சுண்டல், திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு, பொங்கலுக்கு மொச்சையும் சர்க்கரைவள்ளியும் என்று பண்டிகைகளே வகைகளை நினைவூட்டிக்கொண்டிருந்தன. பண்டிகை நாளில் செய்ததை வாரநாளுக்கும் கொண்டுவந்தால் போதும்.

'எனக்குப் பயறு ஒத்துக்காது!'

பலர் சொல்வது இது. பயறு சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, வாயு பிரிகிறது என்று மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். பயறில் உள்ள ராஃபினோஸ் வகை சர்க்கரைகளை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைக்கும்போது வாயு உருவாகிறது. பெரும்பாலும் அது நோயின் அறிகுறி அல்ல. பழக்கமில்லாத குடலுக்குத் திடீரென்று ஒரு கிண்ணம் சுண்டல் போனதன் விளைவு.

பயறை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் குழைய வேகவையுங்கள். முளைகட்டினாலும் அந்தச் சர்க்கரைகள் குறையும். முதல் வாரம் இரண்டு ஸ்பூன் போதும். வயிறு ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரம் நான்கு ஸ்பூன். நார்ச்சத்தைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான் மிஞ்சும்.

பால் வேண்டாம்... தயிர் வேண்டும்!

ஒரே உணவைத் தினமும் சாப்பிட்டால் அதுவே ஒவ்வாமையாக மாறிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தினமும் இட்லி சாப்பிடுவதால் இட்லி அலர்ஜி வந்துவிடாது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்குக் காரணங்கள் வேறு.

பால் நல்ல உதாரணம். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பிறகு உலகில் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியர்களுக்கு இது அதிகம். ஒரு டம்ளர் பால் குடித்ததும் வயிறு கடமுடா என்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அதற்காகப் பால் பொருள்கள் எல்லாவற்றையும் விலக்க வேண்டியதில்லை. தயிராகும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் தொந்தரவு செய்வதில்லை.

தயிருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இட்லி மாவில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் வேகும்போது இறந்துவிடுகின்றன. தயிரிலும் மோரிலும் அவை உயிரோடு வயிற்றுக்குள் போகின்றன. மோரைச் சூடாக்காமல் குடிப்பதன் பலன் இது.

அலர்ஜி என்பது முற்றிலும் வேறு. அது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் எதிர்வினை. ஓர் உணவைச் சாப்பிட்டதும் உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிறுத்துவதற்கு முன் நில்லுங்கள்

வயிற்றில் ஏதாவது கோளாறு என்றால், முதலில் கோதுமையை நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாத 'சீலியாக்' நோய் உண்மையிலேயே இருக்கிறது. வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் மிகக் குறைவு. ஆனால், சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால், நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று வரும் விளம்பரங்களிலும் கவனம் தேவை. ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளந்து 'இதெல்லாம் உங்களுக்கு ஆகாது' என்று நீளமான பட்டியல் கொடுக்கும் பரிசோதனைகள் இவை. அந்தப் புரதம் ரத்தத்தில் இருந்தால், அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் அது சொல்கிறது. அலர்ஜி மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைப்பதில்லை. பட்டியலை நம்பி இருபது உணவுகளை விலக்கினால், குடலுக்குப் போகும் வகைகள்தான் இன்னும் சுருங்கும்.

எரிச்சல் குடல் பிரச்னை உள்ளவர்களுக்கு வெங்காயம், பூண்டு, கோதுமை, சில பயறுகளைத் தற்காலிகமாகத் தவிர்க்கச் சொல்லும் உணவுமுறை ஒன்று உண்டு. அதிலும் சில வாரங்களுக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. முதல் கட்டத்திலேயே வருடக்கணக்கில் நின்றுவிடக் கூடாது. உணவியல் நிபுணரின் துணையோடு செய்வதே பாதுகாப்பு.

குழந்தைகளுக்கு எப்போது?

அலர்ஜி வந்துவிடுமோ என்ற பயத்தில் வேர்க்கடலையையும் முட்டையையும் குழந்தைகளுக்குத் தாமதமாகக் கொடுப்பது முன்பு நல்லது என்று கருதப்பட்டது. லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015-ல் அந்த எண்ணத்தை மாற்றியது. அலர்ஜி வரும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகள் அவர்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 100-க்கு சுமார் 17 பேருக்கு அலர்ஜி இருந்தது. முதல் வயதிலிருந்தே சாப்பிட்டவர்களில் 100-க்கு சுமார் 3 பேருக்குத்தான் இருந்தது.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போதே பல சுவைகளையும் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யலாம். வேர்க்கடலையை முழுதாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நைசாக அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். கடுமையான கரப்பான் அல்லது முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். ஒரு காயைக் குழந்தை துப்பினால் 'பிடிக்காது' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். பத்துத் தடவைக்கு மேல் தட்டில் பார்த்த பிறகு சாப்பிடத் தொடங்கும் குழந்தைகள் உண்டு.

யாருக்குக் கவனம் தேவை?

சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் பொட்டாசியம் அதிகமுள்ள காய், பழங்களை மருத்துவர் சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும். ரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாத்திரையின் வேலையை அது பாதிக்கும். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவை இருந்தால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்கள் இந்த வாரமே தொடங்கலாம். காய்கறி வாங்கப் போகும்போது, கடந்த ஒரு மாதமாக வீட்டுக்கு வராத ஒரு காய், ஒரு கீரை, ஒரு பயறு. இந்த மூன்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த வாரம் வேறு மூன்று.