எஞ்சின் உறங்கும்போது சோக்கும் உறங்கட்டும்

சிறிய பொருள்களை நம்பிப் பெரிய காரியங்கள் நிற்பதுண்டு. ஒரு முழ நீள வயர், பிரசவத்துக்குப் புறப்பட்ட பெண்ணொருத்தியை நடுவழியில் நிறுத்தியதை நாம் ஒரு மார்கழி விடியலில் கண்டோம்.

சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2016-இல் இந்நாட்டில் தொடங்குவதற்கு முன் நிகழ்ந்தது இது. கல்லூரி விடுமுறையில், இறக்குவானைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அங்கிருந்த வாகனம் ஒரு பழைய பெற்றோல் ஜீப். அதிகாலையில் லயத்திலிருந்து அழைப்பு வந்தது. சாரதி, 'எல்லாம் தயாராக இருக்கட்டும்' என்று சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, பெண்ணைத் தூக்கிவரப் படியேறினார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் சுழன்றதேயன்றி உயிர்பெறவில்லை.

"ஐயா, வண்டி போகுமாங்க?" என்று அப்பெண்ணின் மாமியார் நம்மைக் கேட்டார். பௌதிகம் போதிக்கும் நம்மிடம் அவருக்குச் சொல்ல விடையில்லை.

சாரதி சாவியை எடுத்துவிட்டு, வண்டியைத் தள்ள ஆள் தேடிப் போனார். கால் மணி நேரத்துக்குப் பின் ஆட்கள் வந்ததும், ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்துச் சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது! தாயும் சேயும் நலம் பெற்றனர். ஆயினும், அந்தக் கால் மணி நேரத்தின் காரணத்தை அறியாமல் நம்மால் இருக்க இயலவில்லை.

குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் எளிதில் ஆவியாகாது. ஆகவே காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்ட வேண்டும். கார்புரேட்டரின் வாயிலை அடைக்கும் சோக்குத் தகடு செய்வது இதுவே. அந்த ஜீப்பில் கையால் இழுக்கும் சோக்குக் கம்பி துருப்பிடித்துப் போனதால், மின்சாரச் சோக்கு உள்ள கார்புரேட்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதனுள் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருளொன்று உண்டு. குளிரில் அது தகட்டை மூடி வைக்கும். மின்சாரம் அதைச் சூடாக்கச் சூடாக்கத் தகடு திறக்கும்.

அச்சுருளுக்கு எஞ்சினின் சூடு தெரியாது. மின்சாரம் வந்ததா என்பது மட்டுமே தெரியும். சாவி திருப்பியிருந்த பத்து நிமிடத்தில் அது தகட்டைத் திறந்துவிட்டது. எஞ்சினோ பனிபோல் குளிர்ந்திருந்தது. சாவியை எடுத்தபின் சுருள் ஆறி, தகடு மீண்டும் மூடியது, வண்டியும் புறப்பட்டது.

இன்னொரு பிழையும் இருந்தது. அருகிலிருக்கிறதென்று இக்னிஷன் கொயிலின் முனையிலிருந்தே சோக்குக்கு வயர் இழுத்திருந்தார்கள். வொல்க்ஸ்வாகன் பீட்டில் காரில் 1961 மாடல் முதல் அப்படித்தான் கொடுத்தார்கள் என்பது மெய்யே. ஆனால் அதன் கொயிலுக்கு முன்னால் மின்தடை இல்லை. தடை வைத்த வண்டிகளில் சோக்கு இழுக்கும் மின்சாரம் கொயிலின் வோல்ட்டைக் குறைத்து, பொறியை நலிவாக்கும்.

சரியான வழி எளிது. பாட்டரியிலிருந்து, அதனருகே ஒரு பியூஸ் வழியாக, ரிலேயின் 30 ஆம் முனைக்கு வயர் வரட்டும். 87 ஆம் முனை சோக்குக்குச் செல்லட்டும். 86 ஆம் முனையைச் சாவி சுவிச்சுடனும், 85 ஆம் முனையை எண்ணெய் அழுத்தச் சுவிச்சு வழியாக எஞ்சினின் உடலுடனும் இணைத்தால், எஞ்சின் ஓடி எண்ணெய் அழுத்தம் ஏறிய பின்னரே சோக்கு சூடேறும். எச்சரிக்கை விளக்குக்குரிய சுவிச்சு இதற்கு உதவாது. அது அழுத்தம் குறையும்போது இணைவது. நமக்கு வேண்டியது அழுத்தம் கூடும்போது இணைவது. வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து, அதற்கேற்ற சோக்கையும் ரிலேயையும் வாங்குதல் வேண்டும்.

அடுத்த வாரமே கஹவத்தையில் ஒரு கராஜில் நண்பர் இம்மாற்றத்தைச் செய்வித்தார். கராஜ் பாஸ் நம்மைப் பார்த்து, "சாவி போட்டா சோக்கு வேலை செய்யுதே சேர், அப்புறம் ஏன் இவ்வளவு வயர்?" என்றார். வேலை செய்வது வேறு, வேளையறிந்து வேலை செய்வது வேறு என்றோம்.

மாணவர்களே, ஒரு வயரை இணைக்குமுன் அதில் மின்சாரம் வருகிறதா என்று மட்டும் பாராதீர்கள். எப்போது வரவேண்டும், எப்போது வரலாகாது என்றும் கேளுங்கள். அந்த வண்டிக்காக ஒரு தாய் காத்திருக்கக்கூடும்.